வீட்டில் செய்த மர மேசை: ஓரம் சீராக்குவது முதல் பூச்சு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம், ஒயிட்ஃபீல்டு என்று பெங்களூரின் பல பக்கங்களிலிருந்தும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பலகை வாங்கியாயிற்று, வெட்டியாயிற்று, கால் பூட்டி நிறுத்தியும் ஆயிற்று. ஆனால் ஓரத்தில் கை வைத்தால் சிராய் ஏறுகிறது, தண்ணீர் சிந்தினால் கறை நிற்கிறது. அங்கிருந்து செய்ய வேண்டியதை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்குக்காக 4 அடி நீளம், 2 அடி அகலம், 18 மி.மீ. தடிமன் உள்ள மேல்பலகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசையில் உங்கள் கை நாள் முழுக்கப் படுவது முன் ஓரத்தில்தான். நேரம் குறைவாக இருந்தால் அதை ஓரத்துக்குக் கொடுங்கள். பூச்சைப் பொறுத்தவரை, நாளைக்குக் கீறல் விழுந்தால் நீங்களே சரிசெய்ய முடிகிற பூச்சுதான் வீட்டு மேசைக்கு ஏற்றது.

மேசை நிற்கிறது. இனி எதை முதலில் செய்வது?

பலரும் முதலில் பாலிஷ் டப்பாவை வாங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். முதலில் காலின் ஆட்டத்தை நிறுத்துங்கள், உயரத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம் மேல்பலகையைக் கழற்றி, இறுதி அளவுக்கு வெட்டி, ஓரத்துக்குப் பட்டி ஒட்டி, அதைச் சீவி, முனையை உருட்டுங்கள். ஒயர் போக ஓட்டை வேண்டுமென்றால் இப்போதே போட்டுவிடுங்கள். பிறகு குழிகளை நிரப்பி, உப்புத்தாள் தேய்த்து, கால்களுக்கும் பலகைக்கும் தனித்தனியாகப் பூச்சு பூசி, காய்ந்தபின் பூட்டுங்கள். இந்த வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும். பூச்சு பூசிய பலகையில் ஓட்டை போட்டால் ஓட்டையின் உள்சுவர் பச்சை மரமாகவே நின்றுவிடும். சிந்திய தண்ணீர் அங்கேதான் முதலில் இறங்கும்.

மேசை ஆடுகிறது. எந்தக் காலைக் குறைப்பது?

காலை வெட்டுவதற்கு முன் தரையைச் சந்தேகப்படுங்கள். டைல்ஸ் தரை மட்டமாக இருப்பது அபூர்வம். மேசையைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். அப்போதும் அதே கால் தூக்கினால் குறை மேசையில். வேறு கால் தூக்கினால் குறை தரையில்.

குறை மேசையில்தான் என்றால் நீளமான காலைத் தேடி வெட்டுகிற வழக்கத்தை விடுங்கள். ஒன்றைக் குறைத்தால் அடுத்தது தூக்கும், கடைசியில் மேசை குட்டையாகிவிடும். மட்டமான இடத்தில் நிறுத்தி, ஆடுகிற கால்களுக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி, ரசமட்டம் இரண்டு திசையிலும் நடுவில் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். பிறகு ஒரு சிறு மரக்கட்டையைத் தரையில் வைத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு இழுங்கள். நான்கு கால்களிலும் கோடு தரையிலிருந்து ஒரே உயரத்தில் விழும். அந்தக் கோட்டில் அறுத்தால் ஆட்டம் போய்விடும். அறுத்தபின் காலின் அடிமுனையைச் சுற்றி 2 மி.மீ. சரிவாகச் சீவிவிடுங்கள். இல்லையென்றால் மேசையை இழுக்கிற முதல் நாளே அடியில் சிம்பு பெயரும்.

உயரம் எவ்வளவு வேண்டும்?

கடை மேசைகள் பெரும்பாலும் 29, 30 அங்குலத்தில் வருகின்றன. நம்மில் பலருக்கு அது அதிகம். நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். முழங்கை நிற்கிற உயரம்தான் மேசையின் உயரம். ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு அது 27 அங்குலத்துக்கும் கீழே வரலாம். சொந்தமாகச் செய்வதன் பெரிய லாபமே இதுதான், ஆகவே கடை அளவைப் பார்த்துச் செய்யாதீர்கள். நாற்காலியின் கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைகிறதா என்பதையும் வெட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையின் ஒரு பக்கம் கோணலாக வெட்டுப்பட்டிருக்கிறது. வீட்டிலேயே நேராக்க முடியுமா?

முடியும். நேரான ஓரமுள்ள பிளைவுட் துண்டு ஒன்றைப் பலகையின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, வட்ட ரம்பத்தின் அடித்தட்டு அதை ஒட்டி ஓடும்படி தள்ளுங்கள். 40 பல்லுக்குக் குறையாத பிளேடு இருக்கட்டும். வட்ட ரம்பத்தின் பிளேடு கீழிருந்து மேலாக அறுப்பதால் மேல்முகத்தில்தான் சிம்பு பெயரும். ஆகவே மேசையின் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுங்கள். வெட்டுக்கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் இன்னும் சுத்தமாக வரும். இந்த வேலைக்கு ரம்பம் வாங்க வேண்டாம் என்று தோன்றினால், பல பிளைவுட் கடைகளிலேயே மெஷினில் வெட்டிக் கொடுப்பார்கள்.

பிளைவுட் ஓரத்தில் அடுக்குகள் தெரிகின்றன. என்ன ஒட்டலாம்?

மூன்று வழிகள் உண்டு. பி.வி.சி. பட்டி மலிவு, கடைகளில் 22 மி.மீ. அகலத்தில் சுருளாகக் கிடைக்கும். மேலே மைக்கா ஒட்டிய பலகைக்கு அது பொருந்தும். ஆனால் மரம் தெரிய வேண்டிய மேசையில் கண்ணுக்குப் பிளாஸ்டிக்காகவே நிற்கும். பெங்களூர் வெயில் நேராக விழுகிற ஜன்னலோரத்தில் பசை இளகி முனை விட்டுவருவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, பின்னால் பசை தடவி வரும் வெனீர் பட்டி, அதாவது தாள் போல மெல்லிய மரச்சீவல். இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் வைத்துத் தேய்த்து, உடனே மரக்கட்டையால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகு. ஆனால் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, முனையை உருட்ட முடியாது.

மேசைக்கு நான் சொல்வது மூன்றாவது வழிதான்: மரப்பட்டி. 6 முதல் 8 மி.மீ. தடிமனில் தேக்குப் பீடிங் வாங்கி ஓரத்தில் ஒட்டிவிடுவது. 18 மி.மீ. பலகைக்குப் பட்டியின் அகலம் 20 மி.மீ. இருக்கட்டும், மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். சரியாக 18 மி.மீ. பட்டி வாங்கினால், ஒட்டும்போது ஒரு இம்மி நழுவினாலும் ஒரு பக்கம் பள்ளமாகிவிடும். பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பினாலும் தெரியும்.

முதலில் இரண்டு பக்க ஓரங்களுக்கும் ஒட்டுங்கள். அவற்றின் நுனியைப் பலகையோடு சமமாக அறுத்த பிறகு முன்பட்டியை ஒட்டுங்கள். அப்போது பக்கப்பட்டிகளின் வெட்டு முனையை முன்பட்டி மறைத்துவிடும். மூலையில் 45 பாகையில் சேர்க்கலாம்தான், ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் மரம் அசையும்போது அந்தச் சேர்க்கை முதலில் வாய் பிளக்கும். பசை இரண்டு முகத்திலும் மெல்லியதாகப் படட்டும். கிளாம்ப் போதவில்லை என்றால் ஒரு சாணுக்கு ஒன்று என்று மாஸ்கிங் டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள், அது போதிய அழுத்தம் கொடுக்கும். பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் தேய்த்துப் பரப்பிவிடாதீர்கள். அரைமணி நேரம் விட்டு, ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சுரண்டி எடுங்கள். பரப்பிய பசை மரத்தின் துளைகளை அடைத்துவிடும், பூச்சு அங்கே மட்டும் வெளுத்துத் தெரியும்.

ஒட்டிய பட்டி பலகையைவிட உயரமாக நிற்கிறது. எப்படிச் சீவுவது?

இந்த ஒரு வேலையில்தான் நல்ல மேசைகள் கெட்டுப்போகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிளைவுட்டின் மேல் வெனீர் அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. பட்டியைச் சீவும் ஆர்வத்தில் இழைப்புளி ஒரு முறை வெனீரில் பட்டால் அடியில் இருக்கும் வேறு நிற அடுக்கு எட்டிப் பார்க்கும். திரும்ப மூட வழியில்லை.

பட்டியை ஒட்டிய வெனீரில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டுவையுங்கள். சிறிய இழைப்புளியை நன்றாகத் தீட்டி, மெல்லிய சீவலுக்கு வைத்து, பட்டியின் மேல் சற்றுச் சாய்வாகப் பிடித்துத் தள்ளுங்கள். பென்சில் கோடு மங்கத் தொடங்குகிற கணத்தில் நிறுத்துங்கள். மீதியைச் சுரண்டு தகட்டாலோ, மரக்கட்டையில் சுற்றிய 180 எண் உப்புத்தாளாலோ முடியுங்கள். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் பட்டி மேடாகவும் வெனீர் பள்ளமாகவும் போகும். சீவும்போது நார் மேலே பெயர்ந்து வந்தால் நீங்கள் நாருக்கு எதிராகப் போகிறீர்கள் என்று அர்த்தம், எதிர்முனையிலிருந்து தொடங்குங்கள்.

டிரிம்மர் மெஷின் (ஓரம் வெட்டும் சிறிய கை ரூட்டர்) இருந்தால், துருத்தியதைச் சமமாக வெட்டும் பேரிங் வைத்த பிளஷ் டிரிம் பிட்டைப் போட்டு, பேரிங் பலகை முகத்தில் உருளும்படி ஓட்டலாம். ஆனால் மெஷின் அப்போது 18 மி.மீ. அகல ஓரத்தின் மேல் நிற்கும், சற்றுச் சாய்ந்தாலும் பிட் வெனீரைக் கடித்துவிடும். ஓரத்தோடு சமமாக ஒரு தடித்த கட்டையைப் பலகையின் மேல் கிளாம்ப் போட்டால் மெஷினுக்கு அகலமான மேடை கிடைக்கும். பிட் ஓடும் இடத்தை அந்தக் கட்டை மறிக்காதபடி அடியில் சிறு துண்டு கொடுத்துத் தூக்கிவையுங்கள். இவ்வளவு ஏற்பாடு செய்வதற்குள் 4 அடிப் பட்டியைக் கையாலேயே சீவி முடித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

வெனீர் பட்டி என்றால் உளியின் தட்டையான முதுகை பலகையில் படுக்கவைத்துச் சீவினால் போதும். பி.வி.சி. பட்டிக்கு அரத்தைச் சாய்வாகப் பிடித்துப் பலகையை நோக்கியே தள்ளுங்கள். இழுத்தால் பட்டி பெயரும்.

டிரிம்மரை எந்தத் திசையில் ஓட்டுவது? மரம் கருகுகிறதே?

மெஷின் பலகையின் மேல் இருக்க, நீங்கள் ஓரத்தைப் பார்த்து நின்றால், இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். அப்போது பிட் மரத்தை எதிர்த்து வெட்டும், மெஷின் உங்கள் பிடியில் இருக்கும். மறுதிசையில் ஓட்டினால் சக்கரம் மாதிரி உருண்டு கையை விட்டு ஓடப் பார்க்கும். முழு மரப்பலகையில் நார் முடியும் குறுகிய பக்கங்களை முதலில் ஓட்டுங்கள், நீளப் பக்கங்களைப் பிறகு. குறுகிய பக்கத்தின் கடைசியில் பெயரும் சிம்பை நீளப் பக்கத்தின் வெட்டு எடுத்துவிடும்.

கருகலுக்குக் காரணம் ஓரிடத்தில் தயங்கி நிற்பது, அல்லது மழுங்கிய பிட், அல்லது பிட்டில் ஒட்டிய பிசின். ஒரே முறையில் முழு ஆழமும் எடுக்காமல் இரண்டு மூன்று முறையாக எடுங்கள், நிற்காமல் நகருங்கள்.

முனையை எவ்வளவு உருட்ட வேண்டும்?

முன் ஓரத்துக்கு 6 மி.மீ. ஆரம் எனக்குப் பிடித்தது. மணிக்கணக்கில் தட்டச்சு செய்தாலும் முன்கையில் கோடு விழாது. ஆனால் 8 மி.மீ. மரப்பட்டி ஒட்டியிருந்தால் 3 அல்லது 4 மி.மீ. போதும். ஆரம் பட்டியின் தடிமனை நெருங்கினால் பட்டியும் பிளையும் சேரும் கோட்டைத் தொட்டுவிடும். பின் ஓரத்தையும் அடிமுனைகளையும் உப்புத்தாளால் மழுக்கினால் போதும். பலகையின் நான்கு மூலைகளில் முன்பக்க இரண்டையாவது வளைத்துவிடுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு அங்குல ஆரமாவது வேண்டும். கூர்முனைகளில் பூச்சு நிற்காது என்பதும் உருட்டுவதற்கு ஒரு காரணம். முதலில் தேய்ந்து வெளுப்பது எப்போதும் முனைதான்.

ஒயர் ஓட்டை?

60 மி.மீ. ஹோல் சா, அதாவது டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பப் பிட். நடு டிரில் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். பின் ஓரத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

ஆணிக்குழி, விரிசல், இடைவெளி: மரத்தூளில் ஃபெவிகால் கலந்து அடைக்கலாமா?

சிறிய இடைவெளிக்கு அடைக்கலாம். ஆனால் அது சாயத்தையும் எண்ணெயையும் உறிஞ்சாது, மரம் கறுக்கும்போது அது மட்டும் தனித்து நிற்கும். அதே மரத்தை 220 எண் தாளில் தேய்த்த நயமான தூளை உங்கள் பூச்சிலேயே குழைத்து அடைப்பது மேல். கடையில் தேக்கு நிறம், வால்நட் நிறம் என்று விற்கும் மர லப்பம் ஆணிக்குழிகளுக்குப் போதும். மரத்தைவிட ஒரு சாயல் அடர்த்தியானதாக எடுங்கள், ஏனென்றால் பூச்சு பட்டதும் மரம் அடர்த்தியாகும். சுவருக்குப் பூசும் புட்டியை மரத்தில் வைக்காதீர்கள், அது உதிரும்.

உப்புத்தாள் எந்த எண்ணில் தொடங்கி எங்கே நிறுத்துவது?

80, 120, 180, பிறகு 220. இழைத்த மரமாக இருந்தால் 120-லிருந்து தொடங்கலாம். பிளைவுட் முகத்துக்கு 180-க்குக் கீழே போகவே வேண்டாம். இடையில் ஒரு எண்ணைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நிற்கும், பூச்சு பட்டதும் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் முன் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவையுங்கள். கிறுக்கல் முழுதும் மறைந்ததும் அடுத்த எண்ணுக்குப் போகலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடியுங்கள், பகலில் தெரியாத கீறலெல்லாம் தெரியும்.

கையால் தேய்த்தால் எப்போதும் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். 220-க்கு மேல் போவதால் எண்ணெய்ப் பூச்சுக்கு நன்மை இல்லை. மரம் மூடிக்கொண்டு எண்ணெயை வாங்காது. நார் முடியும் வெட்டு ஓரத்தை மட்டும் ஒரு எண் கூடுதலாகத் தேய்க்கலாம், அது அதிகமாக உறிஞ்சிக் கறுப்பதைக் குறைக்கும்.

நீர் கலந்த பூச்சு பூசப்போகிறீர்கள் என்றால் 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். நார் சிலிர்த்து எழும். அதை 220 தாளால் லேசாகத் தடவி எடுத்துவிட்டால் முதல் கோட்டுக்குப் பிறகு பலகை சொரசொரக்காது.

மரத்துக்கு மரம் வித்தியாசம் உண்டா?

உண்டு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் சில பூச்சுகள் காயத் தாமதிக்கும், பசையும் வழுக்கும். ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் சற்று முன் தின்னரோ ஸ்பிரிட்டோ தோய்த்த துணியால் துடையுங்கள். ரப்பர் மரம் இங்கே சொந்தமாகச் செய்கிறவர்கள் அதிகம் வாங்குவது. பால் வற்றிய ரப்பர் மரங்களை அறுத்து, சிறு துண்டுகளை விரல் கோத்தது போல் சேர்த்துப் பலகையாக்குகிறார்கள். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகும் மரம் என்பதால் போரான் மருந்தேற்றித்தான் விற்பார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையக்கூடியது, ஆகவே ரப்பர் மரத்தில் பூசாமல் விடும் முகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஊசித்துளையும் அதன் அடியில் மாவுபோல் தூளும் கண்டால் பலகையை மாற்றச் சொல்லுங்கள். பைன் மரம் சாயத்தைத் திட்டுத்திட்டாக வாங்கும். ஸ்பிரிட்டில் மிக நீர்க்கக் கரைத்த அரக்கை முதலில் ஒரு கை பூசினால் திட்டு குறையும்.

நீங்கள் வாங்கியது தேக்குத்தானா என்றே சந்தேகம் என்றால், மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் மத்திய அரசின் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மரத்துண்டைப் பார்த்து இனம் சொல்லும் வசதி அங்கே உண்டு. மேசைக்கு இதற்காக அலைய வேண்டாம், கதவுக்கும் கட்டிலுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு உதவும்.

எந்தப் பூச்சு நல்லது? பாலிஷ்காரர் மெலமைன் என்கிறார், கடைக்காரர் பி.யூ. (பாலியூரித்தேன்) என்கிறார்.

இருவரும் சொல்வது நல்ல பூச்சுகள்தான். ஆனால் அவை யார் கையில் நல்லவை என்பதையும் பார்க்க வேண்டும். மெலமைன் இரண்டு திரவங்களைக் கலந்து ஸ்ப்ரே அடிப்பது. காயும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகும், கண் எரியும். இரண்டு டப்பா பி.யூ.வின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஸ்ப்ரே மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம், தூசிக்குப் போடும் என்95 முகமூடி அதைத் தடுக்காது. இரண்டுமே கெட்டியான, பளபளப்பான படலம் தரும். கீறல் விழுந்தால் ஒரு இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, முழுப் பலகையையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில், சமையலறை பத்தடி தள்ளி இருக்கிற வீட்டில், இவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நீர் கலந்த ஒரு டப்பா பி.யூ. வீட்டில் பூச ஏற்றது. வாடை குறைவு, சீக்கிரம் காயும், பிரஷ்ஷைப் பச்சைத் தண்ணீரிலேயே கழுவலாம், மரம் மஞ்சளிக்காது. காபி தம்ளரையும் தண்ணீர் பாட்டிலையும் தாங்கும். பிளைவுட், ரப்பர் மரம் இரண்டுக்கும் என் முதல் தேர்வு இது.

எண்ணெய்ப் பூச்சு, அதாவது கொதித்த ஆளிவிதை எண்ணெய் அல்லது மெழுகு கலந்த ஹார்டுவாக்ஸ் எண்ணெய், தேக்கு போன்ற முழு மரத்துக்கு அழகு. தொட்டால் மரமாகவே இருக்கும். துணியால் தடவி, 15, 20 நிமிடம் விட்டு, உறிஞ்சாத எண்ணெய் முழுவதையும் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் இடைவெளியில் மூன்று கை. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து எண்ணெய் தடவினால் சேர்ந்துவிடும், இதற்காகவே என் வோட்டு இதற்கு. தண்ணீருக்கும் சூட்டுக்கும் பி.யூ. அளவு தாங்காது என்பதையும் தெரிந்துகொண்டு எடுங்கள். பச்சை ஆளிவிதை எண்ணெயை வாங்கிவிடாதீர்கள், வாரக்கணக்கில் காயாது.

அரக்குப் பாலிஷ் பழைய அலமாரிகளில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேலை செய்யும் மேசைக்கு வேண்டாம். சூடான தம்ளர் வெள்ளை வளையம் போடும், சானிடைசர் ஒரு சொட்டு விழுந்தாலும் கரையும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பூசக் கூடாதா?

கூடாது. மரத்துக்குப் பூசும் எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிப் படலமாக வேண்டும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது. மரம் பிசுபிசுத்து, வைக்கிற காகிதமெல்லாம் எண்ணெய்க் கறையாகும். நல்லெண்ணெய் பாதி இறுகி ஒட்டும் பதத்தில் நின்று தூசியைப் பிடிக்கும். அதன் பிறகு வேறு எந்தப் பூச்சும் மேலே நிற்காது.

நீர் கலந்த பி.யூ.வைப் பூசும் முறை?

டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் கிளறுங்கள். குலுக்கினால் குமிழி வரும். நைலான் பிரஷ் அல்லது ஸ்பாஞ்ச் பிரஷ்ஷால் நார்த் திசையில், மெல்லியதாக, ஒரே இழுப்பில். பூசிய இடத்துக்குத் திரும்பிப் போய்த் தடவினால் கோடு நிற்கும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு, 320 தாளால் லேசாகத் தடவி, தூளை ஈரத்துணியால் துடைத்து, அடுத்த கை. மேல் முகத்துக்கும் முன் ஓரத்துக்கும் நான்கு கை, மற்ற இடங்களுக்கு இரண்டோ மூன்றோ போதும். இரும்புக் கம்பளியால் தேய்க்காதீர்கள், சிக்கிய துகள் துருப்பிடித்துப் புள்ளி விழும். நம் 4 அடி மேசைக்குக் கால்களோடு சேர்த்து ஒரு லிட்டர் தாராளம்.

அடிப்பக்கம் யாருக்கும் தெரியாதே, அதற்கும் பூச வேண்டுமா?

கண்டிப்பாக. பூச்சு ஈரத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. மேலே மட்டும் பூசினால் அடிமுகம் சீக்கிரம் ஈரம் வாங்கி, சீக்கிரம் காயும், பலகை வளையும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மதியங்களில் காற்று வறண்டுவிடும். செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்தில் இருக்கும். இந்த இரண்டு காலத்துக்கும் இடையில் 2 அடி அகல முழுத் தேக்குப் பலகை குறுக்குவாட்டில் 2 முதல் 4 மி.மீ. வரை விரிந்து சுருங்கக்கூடும். அதனால் சட்டத்தோடு பூட்டும்போது ஸ்குரூ ஓட்டைகளை நீள்வட்டமாக்குங்கள், பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். இறுக்கிப் பூட்டிய பலகை நகர இடமில்லாமல் பிளந்துவிடும். பிளைவுட்டுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை.

மழைக்காலத்தில் பூசலாமா?

தூறல் நாளில் ஸ்பிரிட் கலந்த பூச்சும் லேக்கரும் வெண்மை பூக்கும். நீர் கலந்தது பொறுத்துக்கொள்ளும், ஆனால் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வெயில் தலைகாட்டும் நாளில் காலை பதினொன்றிலிருந்து மதியம் மூன்று வரை நல்ல நேரம். டிசம்பர், ஜனவரிக் காலைக் குளிரிலும் பூச்சு சோம்பும். நேர்வெயிலில் பலகையை வைத்துப் பூசுவதும் தவறு, மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே குமிழி விடும்.

எண்ணெய் துடைத்த துணியை என்ன செய்வது?

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். துணியைச் சுருட்டிப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, நெருப்பே வைக்காமல் துணி தீப்பிடிக்கும். பால்கனி மூலையிலோ குப்பைக்கூடையிலோ சுருட்டி வைக்கவே வைக்காதீர்கள். ஒவ்வொரு துணியையும் மொட்டை மாடியில் விரித்துத் தனித்தனியாகக் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் முக்கிவையுங்கள். ஸ்பிரிட், தின்னர் திறந்திருக்கும்போது அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது.

அபார்ட்மெண்டில் தூசியும் சத்தமும்?

அசோசியேஷனில் மரவேலைக்கு நேரம் வைத்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டை மாடி கிடைத்தால் தேய்ப்பதை அங்கே முடித்துவிட்டு, பூசுவதை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு மேசைக்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் தேய்க்கும் நேரம் முழுக்க என்95 முகமூடி இருக்கட்டும். தூசியைத் துடைப்பத்தால் கூட்டினால் மறுபடி பறக்கும், ஈரத்துணியால் எடுங்கள்.

பொருள் எங்கே வாங்குவது?

மரத்துக்கும் பீடிங்குக்கும் மைசூர் ரோட்டில் நியூ டிம்பர் யார்டு லேஅவுட். பட்டியின் அளவை எழுதிக் கொண்டுபோங்கள், அறுத்து இழைத்துத் தரும் கடை பார்த்து வாங்குங்கள். பிட், உப்புத்தாள், கிளாம்ப், ஹோல் சா எல்லாவற்றுக்கும் எஸ்.பி. ரோடு. உப்புத்தாளை எண் பார்த்து வாங்குங்கள், நயம், முரடு என்று கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். பூச்சை மட்டும் உங்கள் தெரு பெயிண்ட் கடையில், தயாரித்த தேதி பார்த்து வாங்கினால் போதும்.

பூசி முடித்தாயிற்று. எப்போது உட்காரலாம்?

தொட்டால் காய்ந்திருப்பது வேறு, முழுதாக இறுகுவது வேறு. நீர் கலந்த பி.யூ. முழு வலுவுக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். இரண்டு நாளில் லேப்டாப் வைத்து வேலை பார்க்கலாம். ஆனால் ரப்பர் கால் வைத்த மானிட்டர், மவுஸ் பேட், பிளாஸ்டிக் விரிப்பு இவற்றை மூன்று வாரம் கழித்தே வையுங்கள், இல்லையென்றால் அவை ஒட்டி அச்சு விழும்.

அப்புறம் கறை, வளையம் வந்தால்?

பி.யூ.வுக்கு ஈரத்துணியில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். எண்ணெய்ப் பூச்சில் வளையம் விழுந்தால் 320 தாளால் அந்த இடத்தை நார்த் திசையில் தேய்த்து, எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். முன் ஓரம் வருடத்துக்கு ஒரு முறை வெளுக்கத் தொடங்கும். அதற்கு மட்டும் மார்ச் மாதம் போல வறண்ட நாள் பார்த்து ஒரு கை எண்ணெய் தடவுங்கள், பலகை முழுவதையும் தொட வேண்டாம்.